மல்லித் தோட்டத்தில் புதிதாக இறங்குபவர்கள் செய்யும் தவறுகள்

திருமங்கலம் பக்கம் எங்கள் தோட்டத்தில் மூன்று தலைமுறையாகக் குண்டுமல்லிதான். விதை போட்டு வளர்க்கிற செடியில்லை இது, வெட்டி நடும் குச்சியும், கிளையை மண்ணில் பதித்து வேர்விட வைக்கும் பதியனும்தான். ஆகவே தாத்தா வைத்த செடியின் கிளையில்தான் இன்றைக்கும் பூப் பறிக்கிறோம். புதிதாகப் பூ போட வருகிற தம்பிகள் யோசனை கேட்டு வருவார்கள். எங்கள் வீட்டில் ஒரு காலத்தில் நடந்த அதே தவறுகளை அவர்களும் செய்வதைப் பார்த்தால் மனசு கேட்பதில்லை. களை எடு, தண்ணீரைத் தேங்கவிடாதே என்பதெல்லாம் ஊரே சொல்லும். அதை விட்டுவிடுகிறேன்.

விலையைப் பார்த்துக் கவாத்தைத் தள்ளிப்போடுவது

எனக்கு இன்னமும் எரிச்சல் வருவது இதில்தான். நவம்பர் கடைசி வாரத்தில் கவாத்து, அதாவது செடியின் கிளைகளை வெட்டிவிடுகிற வேலை, தொடங்க வேண்டும். அந்தச் சமயம் பார்த்துத்தான் பனியில் வரத்து குறைந்து விலை ஏறும். பொங்கலையொட்டிச் சில வருடங்களில் மதுரை மாட்டுத்தாவணிப் பூச்சந்தையில் கிலோ 3,000 ரூபாயைத் தாண்டுகிறது. அதைக் கேட்டதும் அரிவாளைக் கீழே வைத்துவிடுகிறார்கள்.

பக்கத்துத் தோட்டத்துத் தம்பியிடம் கார்த்திகையிலேயே சொன்னேன். "அண்ணே, இந்த விலையில போய் வெட்டச் சொல்றீங்களே" என்றார். அன்று காலை அவர் தோட்டம் முழுக்கப் பறித்த பூ ஒரு தூக்குச்சட்டி நிறையவில்லை. விலை இருக்கிறது, சரி; செடியில் மொக்கு எங்கே இருக்கிறது? குளிரில் மல்லி அடங்கிவிடும். அந்த ஓய்வில் வெட்டினால்தான் புதுத் துளிர் வந்து, அதன் நுனியில் கொத்துக் கொத்தாக மொக்கு வைக்கும்.

அவர் மாசியில், அதுவும் மனசில்லாமல், இடுப்பு உயரத்துக்கு மேலே நுனியை மட்டும் நறுக்கினார். உள்ளே பழைய குச்சியெல்லாம் அப்படியே அடைந்து கிடந்தது; காற்றும் வெயிலும் புகவில்லை. சித்திரையில் எங்கள் பக்கம் கூடை கூடையாக இறங்கியபோது அவர் செடியில் மொக்குகள் ஊதா நிறம் பிடித்திருந்தன. ஒன்றைக் கிள்ளிப் பிரித்தால் பக்கவாட்டில் சின்ன ஓட்டை, உள்ளே மொக்குப்புழு. அப்புறம் மருந்துக் கடைக்கு நடையாய் நடந்தார். பனிக்காலத்தில் பறித்த பூவின் காசு மருந்துக்கே காணவில்லை.

செய்ய வேண்டியது இதுதான். வெட்டுவதற்கு முன் தண்ணீரை நிறுத்திச் செடியைக் காயவிடுங்கள். தரையிலிருந்து 50 சென்டிமீட்டர் விட்டு, மேலே உள்ளதைத் தயங்காமல் வெட்டுங்கள். காய்ந்த குச்சி, நோய்ப்பட்ட குச்சியை அடியோடு எடுங்கள். வெட்டியதைத் தோட்டத்திலேயே போட்டுவைக்காதீர்கள். தூரை, அதாவது செடியின் அடிப்பாகத்தை, சுற்றிக் கொத்திவிட்டு, செடிக்கு 10 கிலோ தொழுவுரம் வைத்துத் தண்ணீர் கட்டுங்கள். மொட்டையாக நிற்கும் தோட்டத்தைப் பார்க்க வயிறு கலங்கும்தான். பொறுத்துக்கொள்ளுங்கள்.

பனிக்கால விலை வேண்டுமென்றால் அதற்கும் வழி இருக்கிறது. தோட்டத்தில் ஒரு பகுதியை மட்டும் செப்டம்பர் கடைசியிலேயே வெட்டிப் பாருங்கள். முழுத் தோட்டத்தையும் பணயம் வைக்காதீர்கள்.

மஞ்சள் இலையைக் கண்டதும் யூரியா

முதலில் ஒரு தூரைத் தோண்டி வேரைப் பாருங்கள். முடிச்சு முடிச்சாக இருந்தால் வேரைத் தாக்கும் நூற்புழு. யூரியா அதற்கு மருந்தில்லை. இளம் இலை மட்டும் மஞ்சளாகி, நரம்பு பச்சையாக நின்றால் இரும்புச்சத்துக் குறைவு. லிட்டர் தண்ணீருக்கு 5 கிராம் அன்னபேதி (இரும்பு சல்பேட்) கலந்து இலையில் தெளியுங்கள்.

விடிந்தபின் பறிப்பது

வேண்டாம். வெயில் ஏறுமுன் கூடை மண்டியில் இருக்க வேண்டும்.

யாரோ கொடுத்த நாற்றை நடுவது

தங்கச்சிமடம் பக்கமிருந்து வரும் நாற்றுக்கு நல்ல பெயர் உண்டு. ஆனாலும் எங்கே வாங்கினாலும் தாய்ச்செடியைப் பூவோடு ஒருமுறை பார்த்துவிடுங்கள். குச்சியிலிருந்து வரும் செடி தாயைப் போலவேதான் இருக்கும். அதன் நல்லதும் வரும், கெட்டதும் வரும். மொக்கு பருமனாக, காம்பு நீளமாக இருக்கிறதா, பறித்து வைத்தால் எத்தனை நேரம் வாடாமல் நிற்கிறது என்று பாருங்கள். நட்ட செடி பத்து வருடத்துக்கு மேல் நிலத்தில் நிற்கப்போகிறது. நாற்றில் மிச்சம் பிடிக்கிற சில ரூபாய்க்காக அவசரப்படாதீர்கள்.