யாரும் கேட்காத கேள்வி: செய்தி ஆசிரியர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பென் பிராட்லி என்றதும் வாட்டர்கேட்தான் நினைவுக்கு வரும். 1968 முதல் 1991 வரை வாஷிங்டன் போஸ்ட் நாளிதழின் செயல் ஆசிரியராக இருந்தவர். அந்த ஊழலை வெளிக்கொண்டுவந்த தன் நிருபர்களுக்கு, 1974-ல் அமெரிக்க அதிபர் நிக்ஸன் அதனால் பதவி விலகும்வரை பக்கபலமாக நின்றவர். ஆனால் இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்களிடம் அந்த வெற்றியைவிட, 1981-ல் அவர் பட்ட அடியைப் பற்றித்தான் நான் அதிகம் பேசுவேன்.

ஹெராயினுக்கு அடிமையான 8 வயதுச் சிறுவன் ஒருவனைப் பற்றி ஜேனட் குக் என்ற நிருபர் எழுதிய கட்டுரை, 1980 செப்டம்பர் 28 அன்று முதல் பக்கத்தில் வந்தது. அதில் சிறுவனின் பெயர் ஜிம்மி. படித்தவர்கள் பதறிப்போனார்கள். காவல்துறை நகரம் முழுக்கத் தேடியும் பையன் கிடைக்கவில்லை. செய்தி அறையிலேயே சிலருக்குச் சந்தேகம் தட்டியது. இருந்தும் பையனின் உண்மைப் பெயர் என்ன, வீடு எங்கே என்று மேலே இருந்த எவரும் கேட்டு உறுதிசெய்யவில்லை. வாட்டர்கேட் செய்திகளை எழுதிய பாப் உட்வர்டே அப்போது உள்ளூர்ச் செய்திப் பிரிவுக்குப் பொறுப்பாக இருந்தார் என்பதுதான் என்னை இன்னும் உறுத்துகிறது. அவ்வளவு அனுபவசாலிகள் கண்ணிலிருந்தே தப்பியிருக்கிறது. 1981 ஏப்ரலில் கட்டுரைக்கு, அமெரிக்க இதழியலின் உயரிய விருதான புலிட்சர் பரிசு அறிவித்தார்கள். அப்புறம்தான் நிருபர் தன் படிப்பைப் பற்றிச் சொல்லியிருந்ததில் முரண்பாடு இருப்பதை, அவர் முன்பு வேலை பார்த்த பத்திரிகைக்காரர்கள் கவனித்தார்கள். விசாரித்ததில், ஜிம்மி என்று ஒரு பையனே இல்லை என்று அவர் ஒப்புக்கொண்டார். பரிசு திரும்பிப் போனது.

இதில் நடந்த முதல் தவறு, ரகசியத்தை யாரிடம் காக்க வேண்டும் என்பதில் வந்த குழப்பம். தகவல் தந்தவரின் பெயரை வாசகரிடம் மறைக்கலாம். சில நேரம் மறைத்தே ஆக வேண்டும். ஆனால் ஒரே ஒரு ஆசிரியருக்காவது அது தெரிந்திருக்க வேண்டும். கேட்பது நிருபரை அவமதிப்பதாகாது. நாளைக்கு வழக்கு வந்தால் அவருக்குப் பக்கத்தில் நிற்பதற்கே அந்தத் தகவல் தேவை.

இரண்டாவது, நடை நன்றாக இருந்தால் செய்தியும் உண்மையாகத்தான் இருக்கும் என்று மயங்குவது. உருக்கமான பிரதி கைக்கு வரும்போது இரண்டு மடங்கு கேள்வி கேளுங்கள். எல்லாம் கச்சிதமாகப் பொருந்தினால், மூன்று மடங்கு.

வேகத்தால் வரும் தவறு எல்லோருக்கும் தெரிந்ததுதான். 1948 அமெரிக்கத் தேர்தலில் ட்ரூமன் வென்றிருக்க, டூயி வென்றதாகச் சிகாகோ ட்ரிப்யூன் தலைப்புப் போட்டது. அச்சுத் தொழிலாளர்களின் வேலைநிறுத்தத்தால் அன்று வழக்கத்தைவிடச் சீக்கிரமே அச்சுக்குப் போக வேண்டியிருந்தது. "எண்ணிக்கை தொடர்கிறது" என்று போட்டிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். இப்போது நிமிடத்துக்கு ஒரு டெட்லைன். தெரிந்ததை மட்டும் எழுதிவிட்டு, இன்னும் தெரியாதது எது என்பதையும் அதிலேயே சொல்லிவிடலாம்.

போஸ்ட் சரியாகச் செய்ததையும் சொல்ல வேண்டும். வாசகர் சார்பில் கேள்வி கேட்கவென்றே அங்கே ஒருவர் இருந்தார். அப்போது அந்தப் பொறுப்பில் இருந்த பில் கிரீன், என்ன நடந்தது என்று எல்லோரையும் விசாரித்து விரிவான அறிக்கை எழுதினார். அது முதல் பக்கத்தில் தொடங்கி உள்ளே பல பக்கங்களுக்கு நீண்டது. தவறு வந்த இடத்திலேயே திருத்தமும் வந்தது. இன்று இணையத்தில் பலரும் சத்தமில்லாமல் எண்ணை மாற்றிவிட்டுப் போய்விடுகிறார்கள். அப்படிச் செய்யாதீர்கள். "திருத்தப்பட்டது" என்று ஒற்றை வார்த்தை போடுவதும் போதாது. இப்படி எழுதலாம்: "காயமடைந்தவர்கள் 41 பேர் என்று இந்தச் செய்தியில் முதலில் எழுதியிருந்தோம். 14 பேர் என்பதே சரி. எண்ணை மாற்றி எழுதியது எங்கள் தவறு." மூன்றே வரி. பழைய தவறு, சரியான தகவல், காரணம் மூன்றும் வந்துவிட்டன.

அந்த வாசகர் பிரதிநிதிப் பதவியை 1970-ல் தொடங்கிய போஸ்ட், 2013-ல் எடுத்துவிட்டது. நியூயார்க் டைம்ஸும் 2003-ல் உருவாக்கிய அதே மாதிரிப் பதவியை 2017-ல் நீக்கியது. சமூக ஊடகங்களில் வாசகர்களே கேள்வி கேட்கிறார்களே என்றது டைம்ஸ். கேட்கிறார்கள், சரி. ஆனால் வெளியில் இருப்பவரால் நிருபரின் மேசைக்குப் போய், குறிப்பேட்டைக் காட்டுங்கள் என்று கேட்க முடியாது. அந்தப் பதவியை விட்டது பெரிய தவறு என்றே நான் நினைக்கிறேன்.

இனி செயற்கை நுண்ணறிவு எழுதித்தரும் பிரதிகளும் மேசைக்கு வரும். நடை வழவழவென்று இருக்கும். இல்லாத ஆள் சொல்லாத வாசகமும் அதில் இருக்கலாம். அதனால் என் மேசைக்கு வருகிற ஒவ்வொரு பிரதியையும் தாளில் எடுத்து, பெயர், எண், மேற்கோள் ஒவ்வொன்றுக்கும் எதிரே ஓரத்தில் பென்சிலால் குறிக்கச் சொல்கிறேன்: யார் சரிபார்த்தது, யாரிடம் கேட்டது, எத்தனை மணிக்கு. ஓரம் காலியாக இருக்கிற வரி அச்சுக்குப் போகாது.