வெப்சைட்டுக்கு கலர் எடுக்குறப்போ நான் பண்றது

நீலம்னா நம்பிக்கை, சிவப்புன்னா அவசரம், பச்சைன்னா இயற்கைனு ஒரு சார்ட் சுத்திட்டே இருக்கும் பாருங்க, கிளையண்ட்ல முக்காவாசி பேரு அதைத்தான் வாட்சப்புல அனுப்பிட்டு "இத பாத்து பண்ணிருங்க"ம்பாங்க. முதல்ல அதை ஓரமா வைங்க. ஃபேஸ்புக் நீலத்துக்கு கூட நம்பிக்கை அது இதுன்னு கதை சொல்வாங்க, ஆனா மார்க் சக்கர்பர்க்குக்கு சிவப்பும் பச்சையும் சரியா பிரிச்சு தெரியாது, தனக்கு நல்லா தெரியுற கலர் நீலம்தான்னு அவரே சொல்லிருக்காரு.

நம்ம ஊருல பாக்குறவங்க மனசுல அந்த கலருக்கு ஏற்கனவே என்ன பேரு இருக்குனு யோசிங்க. கல்யாணப் பத்திரிகை மூலையில தடவுனா மஞ்சள் மங்களம், அதே "மஞ்ச நோட்டீஸ் குடுத்துட்டாரு"ன்னா ஆளு திவால். ஒரு தடவை ஜிம்முக்கு கருப்பு சிவப்புல பண்ணேன், செம கெத்தா இருந்துச்சு, ஓனர் பாத்துட்டு "என்ன தம்பி, கட்சி ஆபீஸா?"ன்னாரு. சரி நடுவுல கொஞ்சம் வெள்ளை விடலாம்னு பாத்தா அது இன்னொரு கட்சி!

அதனால கடைக்கு நேர்ல போய் போர்டு, கவர், பில் புக்கு எல்லாத்தையும் போட்டோ எடுத்துட்டு வந்துருவேன், கஸ்டமருக்கு பழகுன கலர் அதுலயே இருக்கும். அதுல ஒண்ணே ஒண்ணுதான் மெயின். 60-30-10 சதவீதம்னு சொல்வாங்கல்ல, பின்னாடி பரப்புக்கு வெள்ளையோ லைட் கலரோ 60, கடையோட கலர் 30, மிச்ச 10 பட்டனுக்கு. ஸ்கேல் வச்சு அளக்க வேணாம், ஆனா அந்த 10ல இருக்குற கலரை வேற எங்கயும் தெளிக்காதீங்க. பக்கம் பூரா ஆரஞ்சா இருந்துச்சுன்னா ஆரஞ்சு பட்டன் எப்படிங்க கண்ணுல படும்?

இப்ப நான் அசிங்கப்பட்ட விஷயம். ஒரு ஸ்வீட் கடை, அவங்க கலர் பளீர் மஞ்சள், நான் மஞ்சள் பட்டன்ல வெள்ளை எழுத்துல "ஆர்டர் பண்ண"னு போட்டு குடுத்துட்டேன், ரூமுல லாப்டாப்ல பாக்கறப்போ ஓரளவுக்கு தெரிஞ்சுது. அண்ணாச்சி போனை எடுத்துட்டு கடை வாசலுக்கு வந்து, உச்சி வெயிலு, ஒரு கைய ஸ்கிரீனுக்கு மேல குடை மாதிரி பிடிச்சுக்கிட்டு இப்படியும் அப்படியும் சாய்ச்சு பாத்துட்டு "பட்டன் எங்கப்பா?"ங்கறாரு.

இதுக்கு ஒரு கணக்கு இருக்கு, கான்ட்ராஸ்ட் ரேஷியோ, அதாவது எழுத்து கலருக்கும் பின்னாடி கலருக்கும் வெளிச்சத்துல எவ்வளவு வித்தியாசம்னு சொல்ற நம்பர், 1ல இருந்து 21 வரைக்கும் போகும். வெள்ளை மேல கருப்பு எழுத்து 21. டபிள்யூசிஏஜின்னு, வெப்சைட்டை எல்லாராலயும் பாக்க படிக்க முடியணும்னு வச்சிருக்குற உலக விதி, அதும்படி சாதாரண எழுத்துக்கு குறைஞ்சது 4.5, பெரிய எழுத்துக்கு 3 இருக்கணும். நான் போட்ட வெள்ளை-மஞ்சள் எவ்வளவு தெரியுமா, 1.07! எழுத்தை மட்டும் மெரூனுக்கு (கம்ப்யூட்டர் கலர் கோடு #800000) மாத்துனேன், 10ஐ தாண்டிருச்சு, மஞ்சளும் அப்படியே இருக்கு, அண்ணாச்சியும் ஹேப்பி. சாம்பல் கலர்லயும் உஷாரா இருங்க, வெள்ளைல #767676 பாஸ், ஒரு புள்ளி வெளுத்து #777777 ஆனா ஃபெயில். குரோம்ல எழுத்து மேல ரைட் கிளிக் பண்ணி இன்ஸ்பெக்ட் போய், கலர் பக்கத்துல இருக்குற குட்டி கட்டத்தை தட்டுனா நம்பர் அங்கயே காட்டும்.

ஃபார்ம்ல தப்புன்னா சிவப்பு கோடு மட்டும் போட்டு விட்டுறாதீங்க, சிவப்பு-பச்சை பிரிச்சு தெரியாதவங்க நிறைய ஆம்பளைங்க இருக்காங்க, "போன் நம்பர்ல ஒரு எண் குறையுது"னு எழுத்துலயே சொல்லிருங்க. முடிச்சதும் போனை பிளாக் அண்ட் ஒயிட்டுக்கு மாத்தி ஒரு தடவை பாருங்க, அப்பவும் பட்டன் தனியா தெரியணும்.

அப்புறம் வாட்சப் பட்டன். தீமுக்கு மேட்ச் ஆகட்டும்னு ஒரு சைட்ல அதையும் மெரூன் ஆக்குனேன், ரெண்டு நாளா ஒரு மெசேஜ் வரல, ஓனர் நெட் போச்சோன்னு ரவுட்டரை ஆஃப் பண்ணி ஆன் பண்ணிட்டிருந்தாரு. மறுபடி பச்சை ஆக்கிட்டேன், ஆனா அந்த பச்சைல வெள்ளை எழுத்துக்கு கான்ட்ராஸ்ட் 2 கூட வராது, அதனால எழுத்தை கருப்புல போட்டுருக்கேன்.