கோதுமைத் தவிட்டில் அமிலேஸ் நொதி: முதல் முறை செய்பவர்களுக்கு

நெல்லை மாவட்டத்து வீரவநல்லூர்ப் பக்கம் தறியில் ஏற்றும் பாவு நூலுக்குக் கஞ்சி போடுவார்கள். ஆலைகளில் நெய்து முடித்த துணியிலிருந்து அந்தக் கஞ்சியைக் கரைத்து எடுப்பது அமிலேஸ் என்ற நொதி. தவிட்டைத் தீனியாகக் கொடுத்தால் பூஞ்சை அதைச் சுரந்து தரும். 1894-ல் ஜப்பானிய வேதியியலாளர் ஜோகிச்சி தகாமினே அமெரிக்காவில் காப்புரிமை வாங்கியது இப்படிப் பூஞ்சையிலிருந்து அமிலேஸ் எடுக்கும் முறைக்குத்தான்.

முதலில் வித்து. ஆஸ்பெர்ஜில்லஸ் ஒரைசே என்ற பூஞ்சை வேண்டும். ஜப்பானியர் சோயா சாஸ் செய்யப் பயன்படுத்துவது இதைத்தான். கோஜி வித்து என்று கேட்டு வாங்குங்கள். ரொட்டியில் தானாகப் பூத்ததை எடுக்கவே கூடாது. ஒரைசேயின் உறவான ஃபிளேவஸ் என்ற பூஞ்சை பார்க்க இதைப் போலவே இருக்கும், ஆனால் அஃப்ளாடாக்சின் என்ற நஞ்சைச் சுரக்கும்.

100 கிராம் தவிட்டில் 80 மில்லி தண்ணீரைத் தெளித்துத் தெளித்துப் பிசிறுங்கள். புட்டு மாவுப் பதம்தான்: பிடித்தால் பிடிக்க வேண்டும், உதிர்த்தால் உதிர வேண்டும். பூஞ்சைக்கு மூச்சு விட இடம் வேண்டுமே! நான் முதலில் அல்வாவுக்குக் கோதுமைப் பால் பிழிந்த சக்கையில் செய்து பார்த்தேன். பசையாக ஒட்டிக்கொண்டு, காற்றே போகாமல், மறுநாளே புளித்து நாறிவிட்டது.

பிசிறிய தவிட்டை மூடிய பாத்திரத்தில் வைத்து, குக்கரில் வெயிட் போட்டு 40 நிமிடம் அவியுங்கள். கை பொறுக்கும் சூட்டுக்கு ஆறியதும், மாஸ்க் போட்டுக்கொண்டு, பாக்கெட்டில் சொன்ன அளவு வித்தைக் கலந்து, தட்டில் இரண்டு விரல் கனத்துக்குப் பரப்பி ஈரத்துணியால் மூடுங்கள்.

30 டிகிரி போதும். நம்ம ஊர்ச் சித்திரை வெயிலில் இதைத் தொடங்காதீர்கள். வளரும்போது பூஞ்சையே சூடு கிளப்பும், 40-ஐத் தாண்டினால் சோர்ந்துவிடும். அதனால் 18 மணி நேரத்தில் ஒரு முறை கிளறி விடுங்கள். இரண்டாம் நாள் தவிடு வெள்ளைப் பஞ்சாய்க் கோத்துக்கொள்ளும், லேசான இனிப்பு மணம் வரும். பச்சை தட்டுவதற்கு முன் எடுத்துவிடுங்கள். கருப்போ இளஞ்சிவப்போ தெரிந்தால் மொத்தத்தையும் கொட்டிவிட வேண்டும்.

10 கிராமை 100 மில்லி தண்ணீரில் ஒரு மணி நேரம் ஊறவைத்து வடிகட்டுங்கள். அந்தச் சாற்றில்தான் நொதி இருக்கிறது. பாதியைக் கொதிக்கவைத்து ஆற்றித் தனியாக வையுங்கள்.

சரி, சோதனை. கஞ்சி போட்ட பழைய வேட்டியில் இரண்டு துண்டு வெட்டி, ஒன்றைப் பச்சைச் சாற்றிலும் மற்றதைக் கொதித்த சாற்றிலும் போட்டு, 50 டிகிரி வெந்நீரில் கிண்ணங்களை அரை மணி நேரம் வையுங்கள். அலசி, இரண்டின் மேலும் அயோடின் ஒரு சொட்டு விடுங்கள். கொதித்த சாற்றில் நொதி அழிந்துவிட்டதால் அதில் கிடந்த துண்டில் கஞ்சி அப்படியே இருக்கும், அயோடின் பட்டதும் கருநீலமாகும். மற்றதில் கஞ்சி கரைந்துவிட்டதால் அயோடினின் பழுப்பு மட்டும் நிற்கும்.