குறி தவறுவது இடக்கையால்: கவுண்டர்-ஸ்டிரைக் கற்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அக்கா மகன் விடுமுறைக்கு வந்திருந்தான். கல்லூரியில் முதலாண்டு. கவுண்டர்-ஸ்டிரைக் 2 என்ற துப்பாக்கிச் சூட்டுக் கணினி விளையாட்டை ஆடத் தொடங்கி நான்கு மாதம் ஆகிறது என்றான். மூன்று இரவுகள் அவன் நாற்காலிக்குப் பின்னால் உட்கார்ந்து பார்த்தேன். மூன்றாம் இரவு எனக்குப் பொறுக்கவில்லை. 2006-இல் மதுரையில் ஒரு பிரவுசிங் சென்டரில் மணிக்கு 20 ரூபாய் கொடுத்து அதன் பழைய 1.6 பதிப்பை ஆடிய காலத்தில் நான் செய்த தவறுகள் அத்தனையையும் அவன் அதே வரிசையில் செய்துகொண்டிருந்தான்.

வியப்பதற்கு ஒன்றுமில்லை. ஹாஃப்-லைஃப் விளையாட்டின்மேல் மின் லீ, ஜெஸ் கிளிஃப் என்ற இரு இளைஞர்கள் 1999-இல் கட்டி எழுப்பிய விளையாட்டு இது. அதன்பின் படங்கள் மாறின, ஒலி மாறியது, 2023 செப்டம்பரில் ‘2’ என்ற புதுப் பதிப்பே வந்துவிட்டது. இடக்கை விரல்களுக்கான வேலை மட்டும் அன்று இருந்தபடியே இருக்கிறது.

எந்த விசை எதற்கு என்று இங்கே எழுதப் போவதில்லை; அதை அமைப்புகள் பக்கமே சொல்லிவிடும். வழி தெரியாமல் சுவரில் முட்டுவது, கையெறி குண்டைக் காலடியிலேயே போட்டுக்கொள்வது போன்றவை ஒரு வாரத்தில் தாமாகப் போய்விடும். தாமாகப் போகாதவற்றைப் பற்றித்தான் எனக்குக் கவலை.

ஓடும் விசையை அழுத்திக்கொண்டே சுடுவது

இந்த ஒரு தவறு என்னுடைய இரண்டு ஆண்டுகளைத் தின்றது. இன்றும் யாராவது செய்வதைப் பார்த்தால் எரிச்சல் வருகிறது. செய்பவர் மேல் அல்ல, இதை முதல் நாளே யாரும் சொல்லிக் கொடுப்பதில்லையே என்பதுதான்.

மருமகன் ஆடுவது இப்படி: மூலையிலிருந்து வெளியே வருகிறான், எதிரியைப் பார்க்கிறான், குறிப்புள்ளியைத் தலைமேல் சரியாகவே கொண்டுபோகிறான், சுடுகிறான். ஏழு தோட்டாக்கள் போகின்றன. ஒன்றும் படவில்லை. எதிரி ஒரே தோட்டாவில் அவனை முடித்துவிடுகிறான். உடனே என் பக்கம் திரும்பி, "மவுஸ் சரியில்லை மாமா" என்கிறான்.

மவுஸ் சரியாகத்தான் இருக்கிறது. சுடும் நேரத்தில் அவனுடைய இடக்கை, வலப்பக்கம் ஓடவைக்கும் ‘டி’ விசையை இன்னும் விடவில்லை. அவன் ஓடிக்கொண்டிருக்கிறான்.

ஓடும்போது தோட்டா குறிப்புள்ளியில் போகாது. அதைச் சுற்றியுள்ள ஒரு வட்டத்துக்குள் எங்கோ போகும். கையில் ஏகே-47 இருந்தால் ஓட்டத்தின் உச்ச வேகம், விளையாட்டின் தூரக் கணக்கில், நொடிக்கு 215 அலகு. அதில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குக்குக் கீழே வேகம் இறங்கிய பிறகுதான் ஓட்டத்தால் வரும் சிதறல் நீங்கும். அதுவரை மவுஸில் எவ்வளவு துல்லியம் காட்டினாலும் வீண்.

‘விசையை விட்டுவிட்டால் போதாதா?’ என்று கேட்பீர்கள். போதாது. விசையை விட்டால் தரையின் உராய்வு மட்டும்தான் உங்களை நிறுத்தும். உடல் சற்றுத் தூரம் சறுக்கிக்கொண்டே போகும். எதிர்ப்பக்க விசையை ஒரு தட்டுத் தட்டினால் உராய்வோடு எதிர்விசையும் சேர்ந்துகொள்ளும். பத்தில் ஒரு நொடி அளவில் நின்றுவிடுவீர்கள். ‘டி’யில் வலப்பக்கம் ஓடினால் அதை விட்டுவிட்டு ‘ஏ’யை ஒரு தட்டு, அந்தக் கணத்தில் சுடு. இதற்குக் கவுண்டர்-ஸ்டிரேஃப் என்று பெயர். விளையாட்டு முழுவதும் இதன்மேல்தான் நிற்கிறது.

எனக்கு இது விளங்கிய கதை இனிமையானது அல்ல. 2007-இல் எங்கள் ஐவர் அணி உள்ளூர்ப் போட்டி ஒன்றில் கலந்துகொண்டது. ஆளுக்கு 100 ரூபாய் நுழைவுக் கட்டணம். டஸ்ட் 2 என்ற வரைபடம் (ஆடும் களம்), கடைசி ரவுண்டு. எங்கள் பக்கம் நான் ஒருவன், எதிர்ப்பக்கமும் ஒருவன். சுரங்கப் பாதையிலிருந்து, பாம் வைக்கும் இடமான பி தளத்துக்குள் நுழைகிறேன். அவன் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிறான். 30 தோட்டாக்களையும் ஓடிக்கொண்டே கொட்டினேன். நான்கோ ஐந்தோ அவன் காலில் பட்டன. அவன் நிதானமாகத் திரும்பி என்னைச் சுட்டான். அணியில் யாரும் என்னைத் திட்டவில்லை. பஸ்ஸில் வீடு திரும்பும்வரை யாரும் பேசவும் இல்லை.

அடுத்த வாரம் சேர்த்து வைத்திருந்த பணத்தில் புது மவுஸ் வாங்கினேன். சரியாகவில்லை. மவுஸ் அசைவுக்குப் பார்வை எவ்வளவு வேகமாகத் திரும்பும் என்ற அளவான சென்சிட்டிவிட்டியைக் குறைத்தேன், கூட்டினேன், மறுபடியும் குறைத்தேன். மாதக்கணக்கில் இதே வேலை. கடைசியில் பக்கத்து இருக்கையில் வழக்கமாக ஆடும் ஓர் அண்ணன் என் திரையைப் பார்க்காமல் கீபோர்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஐந்து நிமிடம் கழித்து, "தம்பி, உனக்கு வலக்கை நன்றாக இருக்கிறது. இடக்கைதான் சுடவே தெரியாமல் ஆடுகிறது" என்றார். இரண்டு ஆண்டுகளில் என் இடக்கையைப் பார்த்த முதல் ஆள் அவர்தான்.

இந்தத் தவறு நிலைத்துவிடுவதற்குக் காரணம், அது சில நேரம் பலன் தருவதுதான். எதிரி இரண்டடி தூரத்தில் இருந்தால் ஓடிக்கொண்டு சுட்டாலும் படும். எம்பி9, மேக்-10 போன்ற சிறு துப்பாக்கிகள் ஓட்டத்தை ஓரளவு மன்னிக்கும். பத்தில் மூன்று முறை வெற்றி கிடைத்துவிடுவதால் மீதி ஏழை ‘அதிர்ஷ்டம் இல்லை’ என்று தள்ளிவிடுகிறோம். ஏகேயின் ஒரு தோட்டா தலையில் பட்டால் தலைக்கவசம் போட்டவனும் விழுவான். அப்படிப்பட்ட துப்பாக்கியைக் கையில் வைத்துக்கொண்டு முப்பதையும் இறைப்பது எவ்வளவு பெரிய நட்டம்!

பழகும் வழி எளிது, ஆனால் சலிப்பூட்டும். எதிரிகள் யாரும் இல்லாத வரைபடத்தைத் தனியாகத் திறந்துகொள்ளுங்கள். சுவரில் ஒரு புள்ளியைத் தேர்ந்தெடுங்கள். வலப்பக்கம் இரண்டு எட்டு ஓடி, எதிர்த்தட்டுத் தட்டி, ஒரே ஒரு தோட்டா. சுவரில் விழுந்த துளையைப் பாருங்கள். புள்ளியிலேயே விழுந்திருந்தால் சரியாக நின்றிருக்கிறீர்கள். விலகியிருந்தால் மூன்றில் ஒன்று நடந்திருக்கும்: சீக்கிரம் சுட்டிருப்பீர்கள், எதிர்விசையை அதிக நேரம் அழுத்தி மறுபக்கம் ஓடத் தொடங்கியிருப்பீர்கள், அல்லது ‘டி’யை விடாமலே ‘ஏ’யை அழுத்தியிருப்பீர்கள். மூன்றாவதுதான் பெரும்பாலோர் செய்வது. இரண்டு விசைகளும் ஒன்றாக அழுந்தினால் ஒன்றையொன்று அழித்துவிடும். இரண்டையும் விட்டுவிட்டதற்குச் சமம். மீண்டும் உராய்வின் தயவில்தான் நிற்கவேண்டும்.

நாளுக்குப் பத்து நிமிடம், முதல் இரண்டு வாரம் மவுஸை அசைக்கவே வேண்டாம். மருமகனிடம் இதைச் சொன்னபோது முகம் சுருங்கிவிட்டது. எதிரியே இல்லாமல் சுவரைச் சுடுவதில் என்ன இருக்கிறது என்று கேட்டான். நானும் அந்த அண்ணனிடம் அதையேதான் கேட்டேன்.

‘டபிள்யூ’வை விடாமல் பிடித்திருப்பது

மேலே சொன்னதன் தம்பி இது. புதியவர்களின் நடுவிரல் ‘டபிள்யூ’ விசையோடு ஒட்டிக்கொண்டதுபோல இருக்கும். மூலையை நெருங்கும்போதும் முன்னோக்கியே நடக்கிறார்கள். முன்னோக்கிப் போகிறவன் நிற்க வேண்டுமென்றால் ‘எஸ்’ஸைத் தட்டவேண்டும், பக்கவாட்டில் போய்க்கொண்டே ‘டபிள்யூ’வையும் பிடித்திருப்பவன் இரண்டு திசைகளிலும் நிற்கவேண்டும். ஏகேயில் பத்தில் ஒரு நொடிக்கு ஒரு தோட்டா புறப்படுகிறது. அந்தக் குழப்பத்தில் இருக்கும்போதே எதிரியின் முதல் தோட்டா வந்துவிடும். மூலை கண்ணில் பட்டதும் ‘டபிள்யூ’விலிருந்து விரலை எடுத்துவிடுங்கள். மூலையைக் கடப்பது ‘ஏ’, ‘டி’ இரண்டின் வேலை.

தோற்கும்போதெல்லாம் சென்சிட்டிவிட்டியை மாற்றுவது

மருமகன் அந்த மூன்று இரவுகளில் ஆறு முறை மாற்றினான். முதலில் வைத்திருந்தது மவுஸில் 1600 டிபிஐ (ஓர் அங்குல அசைவுக்கு மவுஸ் எண்ணும் புள்ளிகள்), விளையாட்டுக்குள் 2.5. இந்த அளவில் மவுஸைப் பத்தரை சென்டிமீட்டர் நகர்த்தினாலே ஆள் முழுவட்டம் சுற்றிவிடுவான். தொலைவில் தெரியும் தலை விரல்நகத்தை விடச் சிறியது. அதை இந்த வேகத்தில் பிடிப்பது மிகக் கடினம். 400 டிபிஐ, 2 என்று வைத்தால் முழுவட்டத்துக்கு ஏறத்தாழ 52 சென்டிமீட்டர் வேண்டும். தொழில்முறை ஆட்டக்காரர்களில் பலர் இதன் அருகில்தான் வைத்திருக்கிறார்கள். மணிக்கட்டால் முடியாது, முழங்கையிலிருந்து கையை நகர்த்த வேண்டியிருக்கும். மேசையில் இடம் வேண்டும்.

இந்த அளவை அப்படியே வைத்துக்கொள்ளத்தான் வேண்டும் என்பதில்லை. இதன் பக்கத்தில் ஒன்றைத் தேர்ந்தெடுத்து மூன்று மாதம் தொடாதீர்கள். கை ஒரு தூரத்தை மனப்பாடம் செய்யும்போது அதன் அளவுகோலையே மாற்றினால் எதைக் கற்கும்? இன்னொன்று: குறி தவறியதற்குக் காரணம் இடக்கை என்றால், வலக்கையின் எண்ணை நூறு முறை மாற்றியும் பயனில்லை.

விலை கொடுத்து விரலை மாற்றப் பார்ப்பது

ஒரு விசை அழுந்தியிருக்கும்போதே எதிர் விசையைத் தொட்டால் முதலாவதைத் தானே விடுவித்துவிடும் கீபோர்டுகள் 2024-இல் பரபரப்பாக விற்றன. ஸ்னாப் டேப் என்ற பெயர் பலருக்கு நினைவிருக்கும். நான் மேலே சொன்ன மூன்றாவது பிழையை அந்தப் பலகையே திருத்திவிடும். விளையாட்டை நடத்தும் வால்வ் நிறுவனம் அதே ஆண்டு ஆகஸ்டு 19 அன்று, தன் சர்வர்களில் இத்தகைய உதவியோடு ஆடுபவர்கள் ஆட்டத்திலிருந்து வெளியேற்றப்படுவார்கள் என்று அறிவித்துவிட்டது. குதிப்பதையும் கையெறி குண்டை எறிவதையும் ஒரே விசையில் கட்டும் பழைய வழக்கத்துக்கும் அன்றே பூட்டு விழுந்தது. நல்ல கீபோர்டு வாங்குங்கள். அந்த வசதியை மட்டும் அணைத்துவிட்டு ஆடுங்கள்.

ரீலோட்

முப்பதில் இருபத்தாறு தோட்டாக்கள் மீதம் இருக்கும்போது, புதிதாகத் தோட்டா நிரப்பும் ‘ஆர்’ விசையைத் தொடாதீர்கள்.

பயந்ததும் குந்துவது

எதிரியைக் கண்டதும் சுண்டுவிரல் கன்ட்ரோல் விசையை அழுத்திவிடுகிறது. பயத்தில் வரும் அனிச்சைச் செயல். குந்தியவன் நகரவே முடியாதவன்போல ஆகிவிடுகிறான். மார்பைக் குறிவைத்துச் சுட்ட எதிரியின் தோட்டாக்களுக்கு நேராகத் தன் தலையைக் கொண்டுபோய் வைக்கிறான். தொடர்ந்து சுட்டு எதிரியை வீழ்த்துவது என்று முடிவு செய்த பிறகு குந்தலாம். முதல் தோட்டாவுக்கு முன் வேண்டாம்.

கையெறி குண்டுகளை ‘4’ விசையில் தேடுவது

நான்கு குண்டுகளும் ஒரே விசையில் சுழலும்போது, புகைக்குண்டு வேண்டிய நேரத்தில் ஒளிக்குண்டுதான் கையில் வரும். ஒவ்வொன்றுக்கும் தனி விசை ஏற்கெனவே இருக்கிறது: 6 வெடிகுண்டு, 7 ஒளி, 8 புகை, 0 தீ. ஆனால் நகரும் விசைகளை விட்டுவிட்டுத்தான் இடக்கையால் அங்கே எட்ட முடியும். அவற்றை ‘இசட்’, ‘எக்ஸ்’, ‘சி’ போன்ற பக்கத்து விசைகளுக்கோ மவுஸின் பக்கப் பொத்தான்களுக்கோ மாற்றிக்கொள்ளுங்கள். மாற்றிய முதல் வாரம் தடுமாறும். அந்த வாரத்தில் பழையதற்குத் திரும்பிவிடாதீர்கள்.

கத்தியோடு மூலையைத் தாண்டுவது

கத்தியைக் கையில் பிடித்து ஓடினால் வேகம் நொடிக்கு 250 அலகு, ஏகேயோடு 215. அந்த 35 அலகு வேகம் மூலைக்கு முன்புவரை உங்களுடையது, அதன்பின் எதிரியுடையது.

பாமைச் செயலிழக்கச் செய்யும்போது ‘இ’யை விடுவது

எதிரணி தளத்தில் வைத்த பாம் 40 நொடியில் வெடிக்கும். செயலிழக்கச் செய்யக் கருவியிருந்தால் 5 நொடி, இல்லையென்றால் 10. அதுவரை ‘இ’ விசையை அழுத்தியே இருக்கவேண்டும்; விரலை ஒருமுறை எடுத்தால் மறுபடியும் முதலிலிருந்து. ‘இ’யை அழுத்துவதற்கு முன்பே மணியைப் பாருங்கள். அழுத்திய பிறகு, சுட வேண்டும் என்றால் ஒழிய எடுக்காதீர்கள்.

மருமகன் ஊருக்குப் போய்விட்டான். நேற்று இரவு ஒரு படம் அனுப்பியிருந்தான்: ஒரு வெற்றுச் சுவர், நடுவில் நெருக்கமாகப் பதினொரு துளைகள், இடது ஓரத்தில் தனியாக இரண்டு. அந்த இரண்டும் எந்தப் பிழையால் வந்தவை என்று கேட்டிருந்தான். இரண்டுமே ‘ஏ’யிலிருந்து ‘டி’க்கு மாறும்போதுதானா என்று அவனைத் திருப்பிக் கேட்டிருக்கிறேன்.