கல்யாணத்துல நம்ம வீட்டு நாயும் இருக்கணுமா?

கும்பகோணம், மாயவரம் பக்கம் கல்யாணம் வச்சிருக்கவங்க செல்ல நாயையும் சேத்துக்கணும்னா, மண்டபத்துல முன்னாடியே கேட்டுக்கோங்க, ஆனா முகூர்த்தத்தப்போ மட்டும் அத மேடைகிட்ட நிறுத்தாதீங்க, கெட்டிமேளம் கொட்டறப்ப தவில் சத்தம் நமக்கே காதை அடைக்கும், அதுக்கு நம்மளவிட காது கூர்மை, பாவம் மெரண்டு ஓடிரும். மண்டபத்துக்கு கெளம்பறதுக்கு முன்னாடி வாசல் கோலத்துகிட்ட வச்சு போட்டோ எடுத்துருங்க, அதுதான் அழகாவும் வரும். மாலை போடணும்னா மல்லி, ரோஜா போதும், அரளி வேண்டவே வேண்டாம், நாய்க்கு அது கொடிய விஷம். பந்தில யாராவது பாசத்துல பாயசம், கேசரி வைப்பாங்க, அதுல கெடக்குற திராட்சை கிட்னியவே பாதிக்கும். அதனால அதுக்குப் பழக்கமான, கல்யாண வேலை எதுவும் இல்லாத ஆளா பாத்து பெல்ட்டை கைல குடுத்துருங்க, சாப்பாடு தண்ணியும் வீட்லேந்தே எடுத்துட்டுப் போங்க.