கனடாவில் படிப்பு முடிந்தபின் வொர்க் பெர்மிட்: நாட்கணக்கு தவறாமல் விண்ணப்பிக்கும் முறை

கனடாவில் படித்துப் பட்டமோ டிப்ளமோவோ பெறும் வெளிநாட்டு மாணவர், எந்த நிறுவனத்திலும் வேலை பார்ப்பதற்கு வழங்கப்படும் ‘போஸ்ட் கிராஜுவேஷன் வொர்க் பெர்மிட்’ என்ற அனுமதியை மாணவர்கள் பி.ஜி.டபிள்யூ.பி. என்று சொல்கிறார்கள். ஒருவருக்கு வாழ்நாளில் ஒரே ஒரு முறைதான் இது கிடைக்கும். விண்ணப்பம் கடினமானதன்று, முகவர் இல்லாமல் நீங்களே ஒரு மாலைப்பொழுதில் முடித்துவிடலாம். ஆனால் நாட்களை எங்கிருந்து எண்ணத் தொடங்க வேண்டும் என்பது தெரியாமல், எல்லாத் தகுதியும் இருந்தும் சிக்கலில் மாட்டிக்கொள்பவர்களை நான் நேரில் பார்த்திருக்கிறேன். அதனால் இந்த விளக்கத்தில் படிவத்தைவிட நாட்கணக்குக்கே அதிக இடம் தந்திருக்கிறேன்.

முதற்படி: தகுதியைக் கடைசிப் பருவத்துக்கு முன்பே உறுதிசெய்யுங்கள்

உங்கள் படிப்பு குறைந்தது 8 மாதம் நீடிப்பதாக இருக்க வேண்டும். ஒவ்வொரு பருவத்திலும் முழுநேர மாணவராக இருந்திருக்க வேண்டும். கடைசிப் பருவத்தில் மட்டும் பகுதிநேரமாகப் படித்திருந்தால் தவறில்லை. வெளிநாட்டு மாணவர்களைச் சேர்த்துக்கொள்ள அரசு அனுமதித்த கல்லூரிகள் அனைத்தும் இந்த அனுமதிக்குத் தகுதி பெற்றவை என்று நினைத்துவிடாதீர்கள். உங்கள் கல்லூரியும் படிப்பும் இதற்குத் தகுதியுடையவையா என்பதைக் குடிவரவுத் துறையான ஐ.ஆர்.சி.சி.யின் இணையதளப் பட்டியலில் நீங்களே பார்த்துக்கொள்ள வேண்டும்.

கனடாவில் படிப்பதற்கான அனுமதியான ஸ்டடி பெர்மிட்டுக்கு 2024 நவம்பர் 1 அன்றோ அதற்குப் பிறகோ விண்ணப்பித்தவர்கள் டிப்ளமோ அல்லது சர்டிபிகேட் படித்திருந்தால், அந்தப் படிப்பு அரசு வெளியிட்டுள்ள துறைகளின் பட்டியலில் இடம்பெற்றிருக்க வேண்டும். இளங்கலை, முதுகலை, முனைவர் பட்டம் முடித்தவர்களுக்கு இந்தத் துறைக் கட்டுப்பாடு இல்லை.

அனுமதியின் காலம் படிப்பின் காலத்தைப் பொறுத்தது. 2 ஆண்டுகளுக்குக் குறைவான படிப்புக்கு, படிப்பு எவ்வளவு காலமோ அவ்வளவு காலம். 2 ஆண்டுகளும் அதற்கு மேலும் என்றால் 3 ஆண்டுகள். முதுகலைப் படிப்பு 8 மாதத்துக்குக் குறையாமல் இருந்தால், அது ஓராண்டுப் படிப்பாக இருந்தாலும், 2024 பிப்ரவரியிலிருந்து 3 ஆண்டு அனுமதி பெற வழி இருக்கிறது.

இரண்டாம் படி: மொழித்தேர்வும் பாஸ்போர்ட்டும்

2024 நவம்பர் 1 முதல் மொழித்தேர்வு முடிவும் தேவைப்படுகிறது. பட்டப்படிப்பு முடித்தவர்களுக்கு, கேட்டல், வாசித்தல், எழுதுதல், பேசுதல் ஆகிய நான்கிலும், கனடாவின் மொழித்திறன் அளவுகோலான சி.எல்.பி.யில் 7 என்ற நிலை வேண்டும். கல்லூரி டிப்ளமோ படித்தவர்களுக்கு சி.எல்.பி. 5 போதும். ஐ.இ.எல்.டி.எஸ். என்ற ஆங்கிலத் தேர்வில் சி.எல்.பி. 7 என்பது நான்கிலும் குறைந்தது 6.0. இங்கே பலர் இடறுகிறார்கள்: கல்லூரியில் சேர்வதற்காக எழுதிய ‘அகாடமிக்’ தேர்வு இதற்குச் செல்லாது, ‘ஜெனரல் டிரெயினிங்’ தேர்வைத்தான் எழுத வேண்டும். பி.டி.இ. என்ற மற்றோர் ஆங்கிலத் தேர்வை எழுதுவதானால் அதில் ‘கோர்’ வகை. இவை தவிர செல்பிப் ஜெனரல் தேர்வும் ஏற்கப்படும். விண்ணப்பிக்கும் நாளில் முடிவு 2 ஆண்டுகளுக்கு மேல் பழையதாக இருக்கக் கூடாது. கடைசிப் பருவம் தொடங்கும்போதே எழுதிவிட்டால், ஒருமுறை மதிப்பெண் குறைந்தாலும் மறுமுறை எழுத அவகாசம் இருக்கும்.

பாஸ்போர்ட் காலாவதியாகும் நாளைத் தாண்டி அனுமதி தரப்படாது. 3 ஆண்டு அனுமதிக்கு உரிய ஒருவரின் பாஸ்போர்ட் 14 மாதத்தில் முடிவதாக இருந்தால், அவருக்கு 14 மாத அனுமதிதான் கிடைக்கும். மீதிக் காலத்தைப் பெறப் பிறகு தனியாக விண்ணப்பிக்க வேண்டியிருக்கும். முடிந்தால் முன்னதாகவே புதுப்பித்துவிடுங்கள்.

மூன்றாம் படி: நாட்களை எண்ணுங்கள்

படிப்பு முடிந்ததைக் கல்லூரி எழுத்து மூலம் தெரிவித்த நாளிலிருந்து 180 நாட்களுக்குள் விண்ணப்பிக்கலாம் என்பது விதி. இதைக் கேட்டவுடன் ஆறு மாதம் இருக்கிறதே என்று மனம் நிம்மதி அடைகிறது. ஆனால் இன்னொரு விதியும் இருக்கிறது: அதே நாளிலிருந்து 90 நாட்கள் கடந்ததும், பெர்மிட்டில் அச்சிட்ட முடிவுத் தேதி இன்னும் வராவிட்டாலும், உங்கள் ஸ்டடி பெர்மிட் செல்லாததாகிவிடும். அச்சிட்ட தேதி முன்னதாக வந்தால் அதுவே கடைசி நாள். ஆகவே கனடாவிலேயே இருந்து விண்ணப்பிப்பவருக்கு உண்மையான கெடு 90 நாட்களோ, பெர்மிட்டில் உள்ள தேதியோ, இரண்டில் எது முந்துகிறதோ அதுதான்.

கணக்கு தொடங்குவது பட்டமளிப்பு விழா நாளிலிருந்து அன்று. இறுதி மதிப்பெண் பட்டியலோ, படிப்பு நிறைவடைந்ததாகச் சொல்லும் கடிதமோ மின்னஞ்சலோ முதலில் வந்த நாளே தொடக்கம். என்னுடன் அறையில் தங்கியிருந்த தோழி ஏப்ரலில் படிப்பை முடித்தாள். மே மாதத் தொடக்கத்தில் மதிப்பெண்கள் வந்துவிட்டன. பட்டச் சான்றிதழ் கைக்கு வந்தால்தான் விண்ணப்பிக்க முடியும் என்று யாரோ சொன்னதை நம்பி ஜூன் மாத விழாவரை காத்திருந்தாள். பிறகு மொழித்தேர்வுக்குத் தேதி கிடைக்காமல் இழுபட்டு, ஆகஸ்டில் 90 நாட்கள் கடந்துவிட்டன. அதன்பின் குடிவரவு நிலையை மீட்டெடுக்கக் கூடுதல் கட்டணம் செலுத்தி விண்ணப்பித்தாள். அந்த விண்ணப்பம் முடிவாகும்வரை வேலை பார்க்க அனுமதி இல்லை. வாடகைக்கு ஊரிலிருந்து பணம் வரவழைக்க வேண்டியிருந்தது. பட்டச் சான்றிதழ் தேவையே இல்லை என்பது தெரிந்திருந்தால் அவளுக்கு இந்தத் துன்பம் நேர்ந்திருக்காது.

மதிப்பெண்கள் வெளியான அன்றே நாட்காட்டியில் குறித்துக்கொண்டு, அந்த வாரமே பதிவாளர் அலுவலகத்தில் படிப்பு நிறைவுக் கடிதமும் இறுதி டிரான்ஸ்கிரிப்டும் (மதிப்பெண் பட்டியல்) கேட்டு எழுதுங்கள்.

நான்காம் படி: படிவம்

ஐ.ஆர்.சி.சி. இணையதளத்தில் கணக்குத் தொடங்கி, கேள்விகளுக்கு விடையளித்தால் உங்களுக்குரிய ஆவணப் பட்டியல் தோன்றும். முக்கியமான படிவம் ஐ.எம்.எம். 5710. அதை உலாவியில் திறந்தால் காத்திருக்கச் சொல்லும் செய்தி மட்டுமே தெரியும். கணினியில் இறக்கி அடோபி ரீடரில் திறக்க வேண்டும். முதன்முறை வொர்க் பெர்மிட் கேட்பதாகக் குறித்து, அனுமதி வகையில் ‘போஸ்ட் கிராஜுவேஷன் வொர்க் பெர்மிட்’ என்பதைத் தேர்ந்தெடுங்கள். வேலை கிடைத்திருக்க வேண்டிய அவசியமில்லை. நிரப்பி முடித்ததும் ‘வேலிடேட்’ பொத்தானை அழுத்தி, கடைசிப் பக்கத்தில் பார்கோடு வந்ததா என்று பார்த்த பிறகே சேமியுங்கள்.

தமிழ்நாட்டிலிருந்து சென்றவர்கள் பெயர் விஷயத்தில் நிதானமாக இருக்க வேண்டும். நம்மில் பலருக்குக் குடும்பப் பெயர் கிடையாது. பாஸ்போர்ட்டில் அந்த இடம் வெறுமையாக இருக்கும். அப்படியானால் உங்கள் பெயரைக் குடும்பப் பெயருக்கான கட்டத்தில் எழுதிவிட்டு, மற்றக் கட்டத்தைக் காலியாக விட வேண்டும் என்பதே துறையின் அறிவுறுத்தல். தந்தை பெயரின் முதலெழுத்து டிரான்ஸ்கிரிப்டில் ஒரு விதமாகவும் பாஸ்போர்ட்டில் வேறு விதமாகவும் இருந்தால், இரண்டும் ஒருவரே என்று விளக்கும் ஒரு பக்கக் கடிதத்தை இணையுங்கள். இடையில் ஒரு பருவம் விடுப்பு எடுத்திருந்தால் அதற்கான காரணத்தையும் அதே கடிதத்தில் எழுதலாம்.

பாஸ்போர்ட் பக்கங்கள், ஸ்டடி பெர்மிட், டிரான்ஸ்கிரிப்ட், நிறைவுக் கடிதம், மொழித்தேர்வு முடிவு, புகைப்படம் ஆகியவற்றைப் பதிவேற்றுங்கள். ஒவ்வொரு கோப்பும் 4 எம்.பி.க்குள் இருக்க வேண்டும். மருத்துவமனை, குழந்தைகள் காப்பகம், பள்ளி போன்ற இடங்களில் வேலை பார்க்க எண்ணுபவர்கள் மருத்துவப் பரிசோதனை முடித்திருக்க வேண்டும். இல்லையெனில் அந்த வேலைகளுக்குத் தடை விதித்து அனுமதி வரும்.

ஐந்தாம் படி: கட்டணமும் அதற்குப் பிறகும்

விண்ணப்பத்துக்கு 155 டாலர், எந்த நிறுவனத்திலும் வேலை பார்க்கும் அனுமதிக்கு 100 டாலர், ஆக 255 கனடிய டாலர். ஸ்டடி பெர்மிட்டுக்காகக் கொடுத்த கைரேகைப் பதிவு 10 ஆண்டுகள் செல்லும் என்பதால், பெரும்பாலோர் அதற்கு மறுபடி பணம் கட்ட வேண்டியிருக்காது. செலுத்துவதற்கு முன் கட்டணத்தைத் துறையின் பக்கத்தில் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

ஸ்டடி பெர்மிட் செல்லுபடியாகும்போதே விண்ணப்பித்திருந்து, படிக்கும் காலத்தில் வாரத்துக்கான வேலை நேர வரம்பை மீறாமலும் இருந்தால், முடிவு வரும்வரை முழுநேரமாக வேலை பார்க்கலாம். படிப்பு முடிந்த செய்தி வந்த நாளுக்கும் விண்ணப்பம் அனுப்பும் நாளுக்கும் இடையில் வேலை பார்க்கக் கூடாது. கெடு எத்தனை நாள் இருந்தாலும் உடனே விண்ணப்பிக்கச் சொல்வதற்கு இதுவே முதற்காரணம். வேலை தருபவர் ஆதாரம் கேட்டால் காட்டுவதற்கு, உங்கள் கணக்கில் வரும் கடிதத்தைச் சேமித்து வைத்துக்கொள்ளுங்கள்.

அனுமதி அஞ்சலில்தான் வரும் என்பதால், இடையில் வீடு மாறினால் முகவரி மாற்றத்தை உடனே தெரிவியுங்கள். உறையைப் பிரித்ததும் பெயர், பிறந்த நாள், முடியும் தேதி ஆகியவற்றைப் பாஸ்போர்ட்டோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பிழை இருந்தால் அன்றே எழுதுங்கள். 9 என்ற எண்ணில் தொடங்கும் உங்கள் சமூகக் காப்பீட்டு எண்ணும் பழைய பெர்மிட்டின் தேதியோடு முடிவதால், புதிய அனுமதியைக் காட்டி அதையும் சர்வீஸ் கனடா என்ற அரசுச் சேவை அலுவலகத்தில் புதுப்பிக்க வேண்டும். இந்த அனுமதி பயண ஆவணமன்று. ஊருக்குப் போக எண்ணினால், திரும்பி வருவதற்குச் செல்லுபடியாகும் விசா பாஸ்போர்ட்டில் இருக்கிறதா என்று பயணச்சீட்டு வாங்குவதற்கு முன்பே பாருங்கள்.