சமூக ஊடக ஆய்வுகளை மேற்கோள் காட்டுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

"பொய்ச்செய்தி உண்மையைவிட ஆறு மடங்கு வேகமாகப் பரவுகிறது" என்பது மேடைகளிலும் தலையங்கங்களிலும் தேய்ந்துபோன வாக்கியம். சோருஷ் வோசூகி, டெப் ராய், சினான் ஆரல் ஆகியோர் 2018இல் 'சயின்ஸ்' இதழில் வெளியிட்ட கட்டுரையே இதற்கு மூலம். 2006 முதல் 2017 வரை ட்விட்டரில் பரவிய ஏறத்தாழ 1,26,000 பரவல் தொடர்களை (ஒரு பதிவும் அதிலிருந்து நீளும் மறுபகிர்வுகளும்) ஆராய்ந்த அவர்கள், 1,500 பேரைச் சென்றடைய உண்மைக்குப் பொய்யைவிட ஏறத்தாழ ஆறு மடங்கு நேரம் பிடித்ததாகக் கண்டனர். ஆனால் அவர்கள் எடுத்துக்கொண்டவை, ஆறு உண்மைச் சரிபார்ப்பு அமைப்புகள் ஏற்கெனவே ஆராய்ந்து முடிவு சொல்லியிருந்த தகவல்கள் மட்டுமே. யாரும் ஐயுறாத தேர்வு முடிவும் மழை அறிவிப்பும் சரிபார்ப்போரின் மேசைக்கே வருவதில்லை என்பதால், அவை இந்தக் கணக்கில் "உண்மை" என்ற பக்கத்தில் இடம்பெறவே இல்லை. இந்தச் சாய்வை ஆய்வாளர்களும் அறிந்திருந்தனர். அதைச் சோதிக்க வேறொரு தொகுப்பையும் எடுத்துப் பார்த்தனர். எனினும் அதுவும் வதந்திகளின் தொகுப்புதான். ஆகவே "ட்விட்டரில் உலவிய வதந்திகளுள்" என்ற அடைமொழியை நீக்கிவிட்டு அந்த வாக்கியத்தைச் சொல்வது பிழை. அதே எண்ணை வாட்ஸ்அப்புக்குப் பொருத்துவது இன்னும் பெரிய பிழை. அங்கே தனிக்குழுக்களுக்குள் எது எத்தனை பேரைச் சென்றடைகிறது என்பதை ஆய்வாளர்களால் வெளியிலிருந்து பார்க்கவே முடியாது.

பழியைத் தானியங்கிக் கணக்குகள்மேல் போடுவோரும் இதே கட்டுரையைக் காட்டுவது வேடிக்கை. அக்கணக்குகள் உண்மையையும் பொய்யையும் ஒரே அளவில்தான் விரைவுபடுத்தின என்றே அதில் எழுதியிருக்கிறது.

சராசரியை நம்புவது அடுத்த தவறு. 2016 அமெரிக்கத் தேர்தல் காலத்து ட்விட்டரை ஆராய்ந்த மற்றொரு குழு, பகிரப்பட்ட பொய்ச்செய்திகளில் ஏறத்தாழ 80 விழுக்காட்டைப் பயனர்களில் 0.1 விழுக்காட்டினரே பகிர்ந்ததாகக் கண்டது. அப்படியிருக்க, "சராசரிப் பயனர் இத்தனை பொய்களைப் பகிர்கிறார்" என்று பேசுவதில் பொருளில்லை.

ஒரு நாட்டின் முடிவை உலகுக்கே உரியதாக்குவதும் வழக்கமாகிவிட்டது. 2018இல் அமெரிக்க இடைக்காலத் தேர்தலுக்கு (அதிபர் பதவிக்காலத்தின் நடுவே நடக்கும் நாடாளுமன்றத் தேர்தல்) முன் நான்கு வாரங்கள் முகநூலை விட்டு விலகியிருந்தவர்களிடம் கொள்கை சார்ந்த பிளவு சற்றுக் குறைந்தது. நாட்டு நடப்பு பற்றிய அறிவும் கூடவே குறைந்தது. 2019இல் போஸ்னியாவில், 1995இல் போஸ்னிய முஸ்லிம்கள் ஆயிரக்கணக்கில் கொல்லப்பட்ட ஸ்ரெப்ரெனிட்சா இனப்படுகொலையின் நினைவு நாளையொட்டி நடந்த இதே வகைச் சோதனையிலோ, முகநூலை விட்டு விலகியவர்களிடம் பிற இனத்தார் மீதான மனப்பான்மை மேலும் மோசமானது. பெரும்பாலும் தம் இனத்தாரே வாழும் பகுதிகளில் இருந்தவர்களிடம் இது கூடுதலாகத் தெரிந்தது. வேற்று இனத்தாரை அன்றாடம் சந்திக்க வாய்ப்பில்லாதவருக்கு முகநூல் ஒரு சன்னலாகவும் இருந்திருக்கலாம் என்பது என் ஊகம். இவ்விரண்டில் ஒன்றை மட்டும் எடுத்துக் காட்டுபவர் பாதி விடையைத்தான் தருகிறார்.

"மாற்றம் காணப்படவில்லை" என்பதைக் "குற்றமற்றது" என்று படிப்பதைத்தான் நான் எல்லாவற்றிலும் கடுமையான தவறாகக் கருதுகிறேன். 2020 அமெரிக்கத் தேர்தலின்போது முகநூலின் தாய் நிறுவனமான மெட்டாவுடன் ஆய்வாளர்கள் இணைந்து நடத்தி 2023இல் வெளியிட்ட சோதனைகளில் ஒன்று, யாருக்கு எதை முதலில் காட்டுவது என்று தேர்ந்தெடுக்கும் கணினி நெறிமுறையான அல்காரிதத்துக்குப் பதிலாகக் கால வரிசையில் பதிவுகளைக் காட்டியது. மூன்று மாதம் கழித்தும் அரசியல் பிளவு குறிப்பிடத்தக்க அளவில் மாறவில்லை. உடனே அல்காரிதத்துக்கு விடுதலை வழங்கப்பட்டது! பல ஆண்டுகளாக ஊறிய பிளவு, ஒருவரது திரையை மட்டும் மாற்றி, அவரைச் சுற்றியிருப்போரின் திரைகளை அப்படியே விட்டுவைத்தால் மூன்று மாதத்தில் கரையும் என்று எதிர்பார்ப்பதே மிகை. மேலும், தேர்தலையொட்டிய அக்காலத்தில் மெட்டா அவசர நடவடிக்கையாகத் தன் வழக்கமான அல்காரிதத்தையே மாற்றியிருந்ததை 2024இல் வேறு ஆய்வாளர்கள் சுட்டிக்காட்டினர். அப்படியானால் ஒப்பிடப்பட்டது வழக்கமான அல்காரிதம்தானா என்ற கேள்வி எழுகிறது.

பழைய முடிவோடு நின்றுவிடுவதையும் சொல்ல வேண்டும். மறுப்பு வெளியிட்டால் சிலரிடம் பொய்யின் மீதான நம்பிக்கை இன்னும் வலுக்கும் என்று பிரெண்டன் நைஹனும் ஜேசன் ரீஃப்லரும் 2010இல் எழுதியதை இன்றும் பலர் மேற்கோள் காட்டி, மறுப்பதே வீண் என்கிறார்கள். தாமஸ் உட், ஈதன் போர்ட்டர் இருவரும் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோரிடம் 52 பொருள்களில் சோதித்தபோது அந்த எதிர்விளைவு பொதுவாகத் தென்படவில்லை. 2021இல் நைஹனே, தவறான நம்பிக்கைகள் நீடிப்பதற்கு அந்த எதிர்விளைவைக் காரணமாகக் காட்ட முடியாது என்று எழுதினார்.